ஆவாரையும் கருவண்டும்: நெல்லைப் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

கே.டி.சி. நகர், வி.எம். சத்திரம், பெருமாள்புரம் என்று நெல்லையைச் சுற்றிப் புதிதாக வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். தண்ணீர் அதிகம் கேட்கக் கூடாது, பூக்க வேண்டும், தேனீயும் பட்டாம்பூச்சியும் வர வேண்டும், என்ன செடி வைக்கலாம்? நான் தயங்காமல் சொல்வது ஆவாரை. நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் செம்மண் காட்டில் யாரும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றாமலே மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அதேதான். தெலங்கானா மாநிலம் தன் மாநிலப் பூவாக வைத்திருப்பதும் இதைத்தான். நம் ஊரில் வேலியோரத்துச் செடி என்று யாரும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவாரையை வைத்தால் மட்டும் போதாது. அந்தப் பூவைத் திறக்கத் தெரிந்த வண்டுக்கும் சேர்த்து இடம் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதி செடிக்கு, பாதி வண்டுக்கு.

எது ஆவாரை?

மஞ்சள் பூ பூக்கும் குத்துச்செடி எல்லாம் ஆவாரை ஆகாது. தகரை, பொன்னாவாரை, நிலாவாரை எல்லாம் ஒரே குடும்பம், பூவும் ஏறக்குறைய ஒரே சாயல். நிலாவாரை நம் மாவட்டத்துக்கு வேறு விதத்தில் பெயர் வாங்கிக் கொடுத்த செடி. அதன் இலையும் காயும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டு மருந்துக் கடைகளுக்குப் போய், 'தின்னவேலி சென்னா' என்ற பெயரிலேயே விற்கிறது. நல்ல செடிதான், ஆனால் நாம் தேடுவது அது இல்லை.

ஆவாரையை அடையாளம் காண இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே காது மடல் போல வட்டமான இலைச்செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற வகைகளில் இவ்வளவு பெரிதாக இருக்காது, அல்லது சீக்கிரம் உதிர்ந்துவிடும். சிற்றிலைகள் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி வரை இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சுரப்பி தெரியும். காய் ஒரு விரல் நீளம். தட்டையாக, காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும். இந்த மூன்றும் பொருந்தினால் அது ஆவாரைதான், சந்தேகம் வேண்டாம்.

பூவுக்குள் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லும் வேலைகள் எல்லாம் ஏன் என்று புரியும்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான் உண்டு. அந்த மகரந்தமும் செம்பருத்தியில் இருப்பதுபோல வெளியே தூளாக ஒட்டிக்கொண்டிருக்காது. மூடிய பைக்குள் இருக்கும். பையின் நுனியில் மட்டும் சின்னத் துளை. கையால் தடவினால் ஒன்றும் வராது. நம் பொந்துத் தேனீ, கொம்புத் தேனீ போன்றவை வந்தாலும் அந்தப் பையைத் திறக்கத் தெரியாது. யாராவது சிந்திவிட்டுப் போனதை வேண்டுமானால் பொறுக்கும்.

திறக்கத் தெரிந்தது கருவண்டு. மரத்தில் துளை போட்டு வாழ்வதால் தச்சன் தேனீ என்றும் சொல்வார்கள். வண்டு என்று கூப்பிட்டாலும் அது தேனீ இனம்தான். வெயில் ஏறும் முன் காலையில் பூத்த செடி பக்கம் சற்று நேரம் நின்று பாருங்கள். கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து உட்காரும். அதன் பாரத்தில் பூ கீழே சாயும். பறந்து வரும்போது 'ரும்ம்' என்று இருந்த சத்தம், உட்கார்ந்ததும் மெல்லிசாக, கூர்மையாக மாறும். இறக்கையை விரிக்காமல், பறப்பதற்கான தசையை மட்டும் அதிரவைக்கிறது. அந்த அதிர்வில் துளை வழியாகத் தூள் பீறிட்டு அதன் வயிற்றில் விழும். சில நொடிதான். சத்தம் நின்றதும் அடுத்த பூ.

பூவை உற்றுப் பார்த்தால் மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. மொத்தம் பத்து. மேலே உள்ள மூன்றும் மலடு. நடுவில் உள்ளவை குட்டை. வண்டு பெரும்பாலும் சாப்பாட்டுக்கு எடுப்பது அதில்தான். அடியில் நீண்டு வளைந்திருக்கும் பெரிய பைகளின் தூள், வண்டு அறியாமல் அதன் விலாவில் ஒட்டி அடுத்த செடிக்குப் போகிறது. வண்டுக்குக் கூலியும் உண்டு, செடிக்கு வேலையும் ஆகிறது. வீட்டில் பள்ளிக்கூடம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், ஆய்வகத்து இசைக்கவையைத் தட்டி அந்தப் பையில் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். தூள் கொட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. கத்தரி, தக்காளிப் பூவிலும் மகரந்தப் பை இப்படித்தான், நுனியில் துளையோடு இருக்கும். கருவண்டும், கோடு போட்ட வயிற்றோடு வரும் நீலப் பட்டைத் தேனீயும் ஆவாரைக்கு வந்தால், பக்கத்துப் பாத்தியில் உள்ள கத்தரியையும் தக்காளியையும் சேர்த்துக் கவனிக்கும். காய்கறித் தோட்டம் போடுகிறவர்கள் ஆவாரையை வைக்க இது ஒன்றே போதிய காரணம் என்பேன்.

விதை எடுப்பது

நர்சரியில் கிடைத்தால் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பூச்சிமருந்து அடித்த கன்றா என்று கேட்டு வாங்குங்கள். இமிடாகுளோபிரிட் மாதிரி செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்து அடித்திருந்தால் மகரந்தத்திலும் அது இருக்கும். தேனீக்களுக்கு அது விஷம். என்னைக் கேட்டால் விதை போடுவதுதான் நல்லது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே காய்த்த விதை உங்கள் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் பழகியது.

காய் பச்சையிலிருந்து பழுப்பாகி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அப்போதுதான் பறிக்க வேண்டும். சாலையோரம், தரிசு, தெரிந்தவர் காடு என்று எங்கேயும் கிடைக்கும். வனத்துறை எல்லைக்குள் போய் எடுக்காதீர்கள். ஒரே செடியை மொட்டையடிக்காமல், நாலைந்து செடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு காயில் ஒரு டஜனுக்கு மேல் விதை இருக்கும் என்பதால் ஒரு கை நிறையக் காய் போதும்.

காயை இரண்டு நாள் வெயிலில் போட்டுக் கசக்கினால் விதை தனியே வந்துவிடும். விதையில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை இருந்தால் உள்ளே வண்டு தின்றுவிட்டது என்று அர்த்தம். ஒதுக்கிவிடுங்கள். பயறு, உளுந்தில் விழும் அதே இனத்து வண்டுதான். மீதி விதையைக் காகிதப் பையில் கட்டி ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

விதையைத் தட்டி எழுப்புவது

புதிதாக வளர்ப்பவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். விதையை அப்படியே ஊன்றி, தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார்கள். ஒன்றிரண்டுதான் முளைக்கும், செடி சரியில்லை என்று விட்டுவிடுவார்கள். விதை மேல் தோல் அவ்வளவு கெட்டி. தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் கிடக்கும் விதை வெயிலிலும் மழையிலும் மண்ணில் உரசியும் தோல் நைந்து, சில வருஷம் கழித்துக்கூட முளைக்கும். ஒரே மழைக்கு எல்லா விதையும் முளைத்துவிட்டு அடுத்து மழை பொய்த்தால் வம்சமே போய்விடும் அல்லவா, அதற்கான ஏற்பாடு அது. நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை, அதனால் நாமே தோலை நைக்க வேண்டும்.

உப்புத்தாளை ஒரு பலகையில் வைத்து, விதையின் ஓரத்தை ஒரு பக்கம் மட்டும் தேயுங்கள். கறுத்த தோல் போய் உள்ளே வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். காம்போடு ஒட்டியிருந்த கூர்மையான முனையில் தேய்க்காதீர்கள், முளை அங்கேதான் இருக்கிறது. அதன் எதிர்ப்பக்கம் தேயுங்கள். அப்புறம் ராத்திரி முழுவதும் தண்ணீரில் ஊறட்டும். காலையில் பார்த்தால் சில விதை உப்பியிருக்கும், சில அப்படியே கிடக்கும். உப்பியதை உடனே ஊன்றலாம். உப்பாததை இன்னொரு தடவை தேய்த்து ஊறப்போடுங்கள்.

நிறைய விதை இருந்தால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பது சிரமம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதை மேல் ஊற்றி, அது ஆறும் வரை அப்படியே விட்டுவிடலாம். அடுப்பில் வைத்தே விதையைக் கொதிக்கவிடக் கூடாது, வெந்துவிடும். இந்த முறையில் கொஞ்சம் சேதாரம் இருக்கும். வீட்டுக்கு நாலைந்து செடி போதும் என்பவர்களுக்கு உப்புத்தாளே நல்லது.

எப்போது, எங்கே

நம் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை. ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும்போது இங்கே கிழக்கே வருவது காற்று மட்டும்தான். அந்தக் காற்றில் மண்ணில் உள்ள கொஞ்ச ஈரமும் காய்ந்துவிடும். அதனால் கணக்கு இதுதான்: ஆவணிக் கடைசியில் பையில் விதை போட்டால், ஐப்பசி மழை பிடிக்கும்போது நடத் தயாராக இருக்கும். பை வேலையே வேண்டாம் என்றால் ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்ததும் நேரே குழியில் ஊன்றிவிடலாம். நான் நேரே ஊன்றுவதைத்தான் விரும்புவேன். ஆவாரைக்கு ஆணிவேர். பையில் அதிக நாள் இருந்தால் வேர் அடியில் சுருண்டு, பிறகு மண்ணில் இறங்கத் தயங்கும். கோடையைத் தாங்குவது அந்த வேரை நம்பித்தான்.

பையில் போடுவதானால் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு கலந்து, உயரமான பையாகப் பார்த்து நிரப்புங்கள். விதையை ஒரு விரல் கணு ஆழத்துக்கும் குறைவாக ஊன்றினால் போதும். பைக்கு இரண்டு விதை. ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும். இரண்டும் முளைத்தால் சத்தில்லாததைக் கிள்ளிவிடுங்கள், பிடுங்க வேண்டாம், பக்கத்து வேர் அசையும்.

இடம் பார்க்கும்போது ஒன்றே ஒன்று: வெயில். நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் விழாத இடத்தில் ஆவாரை உயிரோடு இருக்கும், பூக்காது. மா, வேம்பு நிழலில் வைக்காதீர்கள். மண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம், செம்மண், சரள், மணல் எதிலும் வரும். கயத்தாறுப் பக்கத்துக் கரிசலிலும் வரும், ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கரிசல்காரர்கள் தரையை ஒரு சாண் மேடாக்கி அதன் மேல் நடுங்கள். புது வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது கட்டடக் கழிவு. காம்பவுண்டு ஓரம் சிமெண்டும் செங்கல் உடைசலும் போட்டு மூடியிருப்பார்கள். மம்பட்டியால் இரண்டடி தோண்டிப் பாருங்கள். கழிவு இருந்தால் எடுத்துவிட்டு நல்ல மண் போடுங்கள்.

நடுவது

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி போதும். எடுத்த மண்ணோடு ஒரு சட்டி மக்கிய ஆட்டுப்புழுக்கையோ சாணமோ கலந்து திரும்பப் போடுங்கள். அதற்கு மேல் உரம் வேண்டவே வேண்டாம். யூரியா போட்டால் இலை கொழுத்து வரும், பூ குறையும். பயறுக் குடும்பம்தானே, வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்காதா என்று சிலர் கேட்பார்கள். ஆவாரைக்கு அந்த முடிச்சு கிடையாது. ஆனாலும் ஏழை மண்ணிலேயே சமாளித்துக்கொள்ளும்.

செடிக்குச் செடி ஐந்தடி விடுங்கள். ஒரே ஒரு செடி வைப்பதைவிட மூன்று நாலு செடி ஒரு கூட்டமாக வைப்பது நல்லது. வண்டுக்குத் தூரத்திலிருந்தே தெரியும், ஒரு தடவை வந்தால் வயிறும் நிறையும். வேறு வேறு செடியின் மகரந்தம் கலந்தால் காயும் நன்றாகப் பிடிக்கும்.

நட்டதும் சரிவான பக்கத்தில் ஒரு அரைவட்ட வரப்பு அணைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடும் தண்ணீர் அதில் நின்று மெதுவாக இறங்கும். கோழி கிளறும் வீடாக இருந்தால் சுற்றிலும் உடைமுள் போடுங்கள்.

முதல் கோடை

மழைக்காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. தை பிறந்த பிறகு வாரத்துக்கு ஒரு வாளி. பங்குனி, சித்திரையில் வாரத்துக்கு இரண்டு தடவை. தினமும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்காதீர்கள், அப்படிச் செய்தால் வேர் மேலேயே நின்றுவிடும். ஒரே தடவையில் ஆழமாக இறங்கும்படி ஊற்றிவிட்டு, அடுத்த முறை வரை காயவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் நாற்றுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் பாருங்கள்.

செடியைச் சுற்றிக் காய்ந்த சருகு அல்லது பனையோலைத் துண்டு போட்டு மூடினால் தண்ணீர் பாதி மிச்சமாகும். ஆடிக் காற்றுக்கு மேற்குப் பக்கம் ஒரு ஓலைத் தட்டி வைத்தால் இளம் செடி சாயாது. இரண்டாம் மழை பார்த்துவிட்டால் அதன் பிறகு தண்ணீர், தட்டி ஒன்றும் வேண்டாம். இலை மஞ்சளாகி உதிர்ந்தால் தண்ணீர் குறைவு என்று நினைத்து மேலும் ஊற்றிவிடாதீர்கள். ஆவாரையில் பெரும்பாலும் அது தண்ணீர் அதிகமானதன் அடையாளம்.

மாடியில் வளர்ப்பவர்கள் இருபது லிட்டர் அளவாவது உள்ள பை அல்லது பாதியாக வெட்டிய டிரம் எடுங்கள், அடியில் ஓட்டை கட்டாயம். தொட்டியில் வேருக்கு இறங்க இடம் இல்லாததால் வறட்சி தாங்கும் குணமும் குறைந்துவிடும். கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் தேவைப்படும்.

கருவண்டுக்கு வீடு

செடி வளர்ந்து பூக்க ஓராண்டு ஆகலாம். அதற்குள் இதைச் செய்து வைக்கலாம்.

கருவண்டு கூட்டமாகக் கூடு கட்டுவதில்லை. காய்ந்த மரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளை போட்டு, உள்ளே அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொரு அறையிலும் மகரந்த உருண்டை வைத்து முட்டையிடும். முன்பெல்லாம் ஓட்டு வீட்டுப் பனங்கை உத்தரம், தொழுவத்துக் கம்பு, வேலிக்கால் என்று இடம் நிறைய இருந்தது. இப்போது எல்லாம் கான்கிரீட், இரும்புக் குழாய். பூ இருந்தும் வண்டு வராத தோட்டங்களில் குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

காய்ந்த முருங்கைக் கட்டையோ பட்டுப்போன ஒரு மரத்துண்டோ எடுத்து, பெயிண்ட், வார்னிஷ் எதுவும் அடிக்காமல், மழை நனையாத தாழ்வாரத்தில் கிழக்கு பார்த்துக் கட்டிவைக்கலாம். மூங்கிலையும் ஒரு பக்கம் கணு அடைத்திருக்கும்படி முழ நீளத்துக்கு வெட்டிக் கட்டாகத் தொங்கவிடலாம். கட்டை காற்றில் ஆடக் கூடாது. வீட்டு ஜன்னல் சட்டத்தைத் துளைத்துவிடுமோ என்ற பயம் இருந்தால், சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு இந்தக் கட்டையைச் சும்மா விடுங்கள். பெயிண்ட் அடிக்காத கட்டையைத்தான் அது தேடும்.

கொட்டுமா என்று கேட்பீர்கள். முகத்துக்கு நேரே வந்து நின்று மிரட்டுவது ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது.

நீலப் பட்டைத் தேனீக்கு மரம் வேண்டாம், மண் வேண்டும். மண் சுவரிலோ தரையிலோ குடைந்து கூடு வைக்கும். முற்றம் முழுவதும் பேவர் பிளாக் போட்டு மூடாமல், ஒரு பாய் விரிக்கும் அளவுக்காவது வெறும் மண் தரையை விட்டுவையுங்கள். அந்த இடத்தைக் கொத்தவும் வேண்டாம்.

தேனுக்குத் துணைச் செடி

ஆவாரையில் தேன் இல்லை என்றேன். மகரந்தம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு என்றால், பறந்து வேலை செய்யத் தேன் வேண்டும். அதற்கு எருக்கும் தும்பையும் நம் மண்ணிலேயே இருக்கின்றன. எருக்கம்பூவுக்கு வாடிக்கையாளரே கருவண்டுதான். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேலிக்கு வெளியே வையுங்கள். தும்பைக்கு எந்தப் பயமும் இல்லை. ஐப்பசி மழையில் விதையை மண் மேல் தூவிவிட்டால் போதும், மூட வேண்டாம். மழை முடிந்து தை, மாசி வரை பூக்கும், அப்புறம் காய்ந்துவிடும். விதை விழும் வரை பிடுங்காமல் விட்டால் அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். தேனீக்களும் சின்னப் பட்டாம்பூச்சிகளும் இதற்கு வரும். இடம் இருந்தால் கொளிஞ்சியும் சேர்க்கலாம்.

இலையில் புழு கண்டால்

ஒரு நாள் ஆவாரை இலையில் பச்சைப் புழுக்கள் வரிசையாக உட்கார்ந்து மேய்ந்துகொண்டிருக்கும். வேப்பெண்ணெய்ப் பாட்டிலை எடுக்கும் முன் நில்லுங்கள். அவை வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாகப் பறக்கும் பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகள். முட்டையிடுவதற்கென்றே ஆவாரை இனத்துச் செடிகளைத் தேடி வருகின்றன. இலை போனாலும் வளர்ந்த செடி திரும்பத் துளிர்த்துவிடும். முதல் வருஷத்துச் சின்னக் கன்றில் மட்டும் புழு அதிகமாக இருந்தால், பாதியை எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள். தோட்டத்தில் வேறு செடிக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், பொழுது சாய்ந்து வண்டு வீடு திரும்பிய பிறகு, பூவில் படாமல் அடியுங்கள்.

பூப் பறிப்பதும் கவாத்தும்

கார்த்திகை முதல் தை வரை பூ மிகுதி. மற்ற மாதங்களிலும் விட்டுவிட்டுப் பூக்கும். தேநீருக்கும் குளியல் பொடிக்கும் பூ வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். பறிக்கலாம், ஆனால் காலையில் வண்டு வந்து போன பிறகு, ஒரு கொத்தில் பாதியை விட்டுவிட்டுப் பறியுங்கள். மொட்டை உருவாதீர்கள்.

விட்டால் ஆள் உயரத்துக்கு மேலேயும் போய், அடி வெறுமையாகிவிடும். புரட்டாசியில், மழைக்குக் கொஞ்சம் முன்னால், மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிடுங்கள். புதுத் துளிரின் நுனிப் பக்கம்தான் பூ வரும், அதனால் வெட்ட வெட்டப் பூ கூடும். வெட்டிய தழையைக் குப்பையில் போடாதீர்கள். தாமிரபரணிப் பாசன வயல்களுக்கு ஆவாரந்தழையை வண்டியில் கொண்டுவந்து மிதித்த காலம் உண்டு. உங்கள் கத்தரிப் பாத்திக்கு அது அருமையான தழையுரம். தடித்த கொம்பு ஏதாவது காய்ந்து நின்றால் அதை மட்டும் வெட்டாமல் விடுங்கள்.

இரண்டாம் வருஷம் காய் முற்றும்போது செடியடியில் விழும் விதையில் சில தானே முளைக்கும். வேர் இறங்கும் முன், நாலு இலை விட்ட பருவத்திலேயே மண்ணோடு பெயர்த்து எடுத்து மாற்றி நட்டுவிடுங்கள். தெரு முனை, கோயில் பின்புறம், பள்ளிக்கூட வேலி என்று வெயில் விழும் எந்த இடமும் சரி. மீதிக் காயைச் செடியிலேயே காயவிட்டுப் பறித்து, பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும்போது ஒரு உப்புத்தாள் துண்டோடு சேர்த்துக் கொடுங்கள்.